கூட வேலை பார்க்கும் நர்ஸ் மேல் சந்தேகம்: சொல்லலாமா?

சகோதரி, தொண்டிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். சீனியர் நர்ஸ், கடும் வலிக்குப் போடும் டிரமடால் ஊசிகளை எடுத்துக்கொள்கிறாரோ என்று சந்தேகம். அவர் உங்களுக்குச் சொந்தம் வேறு. சொல்லத்தான் வேண்டும். படகு வின்ச்சில் கை நசுங்கி வந்தவர் 'ஊசியே போடலை' என்று விடிய விடிய முனகியிருக்கிறார், சார்ட்டிலோ போட்டதாகக் கையெழுத்து. எனக்கு அது ஒன்றே போதும்.

ஆனால் திருட்டு என்று எழுதாதீர்கள். டாக்டர் வாய்மொழியாக மருந்தை மாற்றியிருக்கலாம், பக்கத்து வார்டுக்குக் கைமாற்றாகப் போயிருக்கலாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: தேதி, நேரம், படுக்கை எண், நோயாளி சொன்னது. நர்சிங் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, ஸ்டாக் பதிவேட்டையும் காலி ஆம்பியூல்களையும் (ஊசி மருந்துக் குப்பிகளையும்) ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியதில் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். சார்ட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நம்ம கரையோர ஊர்களில் விடிவதற்குள் பாம்பன் வரை போய்விடும்.

டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, கணக்கு உதைத்தால் நிர்வாகத்துக்கும் சிக்கல்தான். அவர்கள் மூடி மறைத்தால், ராமநாதபுரத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகமோ மருந்து ஆய்வாளரோ இருக்கிறார்கள்.

அந்த சீனியர் நர்ஸே ஊசிப் பழக்கத்தில் விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு. தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு அதே சட்டத்தின் 64ஏ பிரிவு ஓரளவு பாதுகாப்பு தருகிறது. அதற்காக இப்போதே அவரிடம் போய்ப் பேசிவிடாதீர்கள், பதிவேடு திருத்தப்பட்டுவிடும்.