மைல்ஸை இப்பவே கிரிஸ்ஃப்ளையருக்கு மாத்தாதீங்க

சகோ, சென்னையில இருக்கிற அப்பா அம்மாவ அடுத்த வருஷம் சிங்கப்பூர் கூட்டிட்டு வரணும், சிட்டி பிரீமியர்மைல்ஸ் கிரெடிட் கார்ட விட்டுட்டு டிபிஎஸ் ஆல்டிட்யூட் கார்டு வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. உள்ளூர் செலவுக்கு டாலருக்கு சிட்டில 1.2 மைல் (விமான டிக்கெட் எடுக்க உதவுற பாயிண்ட்), டிபிஎஸ்ல 1.3 மைல், அவ்ளோதான் வித்தியாசம், ஆயிரம் டாலர் செலவு பண்ணா 100 மைல் கூட வரும், அதுக்காக மாற வேண்டாம். முக்கியமானது வேற. ரெண்டு கார்டுலயும் பாயிண்ட் காலாவதி ஆகாது, ஆனா சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃப்ளையருக்குள்ள போயிட்டா 3 வருஷம்தான், திரும்ப பேங்குக்கு கொண்டுவரவும் முடியாது. அதனால சேவர் சீட் (குறைஞ்ச மைல்ஸுக்கு கிடைக்கிற சீட்) இருக்கான்னு முதல்ல பாருங்க, அப்புறம் மொத்தமா ஒரே தடவையா மாத்துங்க, ஒவ்வொரு தடவையும் கட்டணம் பிடிப்பாங்க. அப்பா அம்மா பேர கிரிஸ்ஃப்ளையர்ல நாமினியா (உங்க மைல்ஸ்ல டிக்கெட் எடுத்துக் கொடுக்கக்கூடியவங்களா) இப்பவே சேர்த்துடுங்க, 5 பேர் வரைக்கும் போடலாம். பில்ல மட்டும் மாசாமாசம் முழுசா கட்டிடுங்க, வட்டி விழுந்தா மைல்ஸால ஒரு பிரயோஜனமும் இல்ல.