எந்த இடத்தில் ஆட விடலாம்? இளம் லக்ராஸ் வீரர்கள் பற்றிய கேள்வி-பதில்

(லக்ராஸ் என்பது நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, எறிந்து, கோல் போடும் ஆட்டம். டிஃபென்ஸ் எதிராளியைத் தடுக்கும் இடம், அட்டாக் கோல் போடும் இடம், மிட்ஃபீல்ட் இரண்டுக்கும் நடுவே ஓடி ஆடும் இடம்.)

என் மகனுக்கு 10 வயது. நல்ல உயரம். இப்போதே டிஃபென்ஸுக்கான பயிற்சி மட்டும் கொடுக்கலாமா?

வேண்டாம். இன்றைக்கு உயரமாக இருக்கிறவன் 14 வயதில் அணியிலேயே குள்ளமாக நிற்கலாம். பந்தை வலையில் ஏந்தி ஓடுவது, தரையில் உருளும் பந்தை அள்ளுவது, இரண்டு கையாலும் எறிந்து பிடிப்பது, இதெல்லாம் எல்லா இடத்துக்கும் பொது. 13, 14 வயது வரை இடம் மாற்றி மாற்றி ஆட விடுங்கள். டிஃபென்ஸ் ஆடிப் பார்த்தவனுக்குத்தான் தடுப்பவனின் கால் எங்கே தடுமாறும் என்பது தெரியும். நாளைக்கு அவன் அட்டாக் ஆடினால் அதுவே கைகொடுக்கும்.

கோல்கீப்பராக நிற்கும் என் பையன் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறான். பயம் போக என்ன வழி?

தயவுசெய்து திட்டாதீர்கள். முகத்துக்கு நேரே எது வேகமாக வந்தாலும் இமை மூடத்தான் செய்யும். ரப்பர் பந்தைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிட்டு டென்னிஸ் பந்தில் ஆரம்பியுங்கள். முதலில் ஸ்டிக்கே வேண்டாம். ஸ்டிக்கின் மேல்பகுதியைப் பிடிக்கும் கையால் மட்டும் பந்தைப் பிடிக்கட்டும். எறிபவரின் தோளையோ முகத்தையோ பார்க்காமல், அவர் வலைக்குள் இருக்கும் பந்தையே பார்க்கச் சொல்லுங்கள். பந்து வலையை விட்டுக் கிளம்பும் கணம் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம் கால். பயந்த பிள்ளை பின்னால் சாயும். பந்து வரும் பக்கத்துக் காலைச் சாய்வாக முன்னே வைத்து, கையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோகப் பழக்க வேண்டும். கோல் 6 அடிக்கு 6 அடிதான். ஓர் அடி முன்னே வந்தாலே எறிபவருக்குத் தெரியும் இடைவெளி சுருங்கிவிடும். பயிற்சிதானே என்று தொண்டைக் காப்பும் மார்புக் காப்பும் இல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

டிஃபென்ஸ் ஆடும் பிள்ளைக்கு நீள ஸ்டிக்கை எப்போது கொடுப்பது?

ஆண்கள் ஆட்டத்தில் சின்ன ஸ்டிக் 40 முதல் 42 அங்குலம், நீளமானது 52 முதல் 72 அங்குலம். 72 என்றால் 6 அடி, பிள்ளையை விட உயரம்! அது கையில் வந்ததுமே வீசத் தொடங்குவான், கால் நின்றுவிடும். சின்ன ஸ்டிக்கோடு, சின்னச் சின்ன அடிகளாக நகர்ந்து, எதிராளியைக் கோலுக்கு வெளிப்பக்கமாகவே ஒதுக்கிக்கொண்டு போகத் தெரிந்த பிறகு கொடுங்கள். வாயும் வேலை செய்ய வேண்டும்: பந்து யாரிடம், உதவிக்கு யார் வருகிறார் என்று சத்தமாகச் சொல்லாத டிஃபென்ஸ் பாதி டிஃபென்ஸ்தான்.

மிட்ஃபீல்டில் என் மகன் சீக்கிரம் களைத்துவிடுகிறான்.

களைப்பது இயல்பு. முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு மாற்று வீரருக்கு வழிவிடுவதுதான் அந்த இடத்தின் வழக்கம். வெளியேற வேண்டிய நேரத்தைத் தானே உணர்வதும் ஒரு திறமை.

அட்டாக் ஆடும் என் மாணவன் வலது கையை மட்டுமே நம்புகிறான். எப்படி மாற்றுவது?

சுவர்தான் நல்ல ஆசான். தினமும் 10 நிமிடம் இடது கையால் மட்டும் எறிந்து பிடிக்கட்டும். முதல் வாரம் பந்து பொறுக்குவதிலேயே போகும், சரி, போகட்டும். பிறகு அவனைக் கோலுக்குப் பின்னால் நிறுத்தி, இடது பக்கமாகச் சுற்றி வந்து எறிய விடுங்கள். அங்கே தடுப்பவன் வலது பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கட்டும். உங்கள் மாணவனுக்கு வேறு வழி இருக்கக் கூடாது.