ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4: ஆயிரம் விமானங்கள் இருந்தும் தரைப்படை ஏன் நகரவில்லை?

இரண்டாம் உலகப் போரை நடத்தும் வியூகக் கணினி விளையாட்டான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் ஜெர்மனியாக விளையாடி 1941 கோடையில் சோவியத் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஆயிரம் தரைத்தாக்குதல் விமானங்களை இறக்கியும் டிவிஷன்கள் (தரைப்படைப் பிரிவுகள்) நகரவில்லை, விமானங்களோ நாளுக்கு நாள் கரைகின்றன என்கிறீர்கள். எதிரி விமானங்களோடு வானில் மோதும் ஃபைட்டர் விமானங்கள் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. நோய் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தரைத்தாக்குதல் விமானம் வானத்தில் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. வரைபடம் பிரிக்கப்பட்டிருக்கும் வான்மண்டலங்களில், அது பறக்கும் மண்டலத்தில் எதிரியின் ஃபைட்டர்கள் இருந்தால் அவற்றுக்கு இரையாகும். நிஜப் போரிலும் இதே கதைதான். 1940 மே 13 அன்று செடான் அருகே மியூஸ் ஆற்றைக் கடக்க ஜெர்மன் படைக்குப் பேருதவி செய்த ஸ்டூக்கா என்ற ஜெர்மன் தரைத்தாக்குதல் விமானங்கள், அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று தென் இங்கிலாந்தின் மேல் பலத்த அடி வாங்கின. பிறகு பிரிட்டன் மீதான தாக்குதலிலிருந்து அவற்றைப் பெருமளவு விலக்கிவிட்டார்கள். விமானம் மாறவில்லை, மேலே யார் ஆதிக்கம் செலுத்தினார்கள் என்பதுதான் மாறியது.

ஆகவே முதலில் ஃபைட்டர்களை வான் ஆதிக்கப் பணியில் அமர்த்துங்கள். இடைமறிப்புப் பணி உங்கள் நகரங்களின் மேல் வரும் குண்டுவீச்சு விமானங்களைத் தடுப்பதற்கானது. முன்னேறும் படைக்கு அது போதாது. வான் ஆதிக்கம் எதிரியிடம் இருந்தால் உங்கள் டிவிஷன்களின் தற்காப்பும் எதிரி வரிசையை உடைத்து முன்னேறும் திறனும் வேகமும் குறையும். டாங்கிகள் மெதுவாக ஊர்வதற்குச் சேற்றை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

அடுத்தது தூரம். பலர் கண்டுகொள்ளாத இடமும் இதுதான். விமானம் தளத்திலிருந்து பறந்து மண்டலத்தின் எவ்வளவு பகுதியை எட்டுகிறதோ, அந்த அளவுக்குத்தான் அதன் பணித்திறன் கிடைக்கும். கிழக்குப் போர்முனையின் வான்மண்டலங்கள் மிகப் பெரியவை. போலந்தின் தளங்களிலேயே விமானங்களை விட்டுவிட்டுப் படை ஸ்மோலென்ஸ்க் பக்கம் போய்விட்டால், எண்ணிக்கை திரையில் அழகாகத் தெரியும், வேலை நடக்காது. 1940-இல் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக லண்டன் வரை வந்த பிஎஃப் 109 என்ற ஜெர்மன் ஃபைட்டர்களுக்கு அங்கே சண்டையிடச் சில நிமிடங்களுக்கு மேல் எரிபொருள் மிஞ்சாத அவஸ்தையே விளையாட்டில் சதவீதமாக மாறியிருக்கிறது.

பிடித்த ஊர்களில் விமானத்தளம் கட்டிக்கொண்டே முன்னே நகருங்கள். தளத்தின் ஒவ்வொரு கட்டுமான நிலைக்கும் 200 விமானங்கள்தான் கொள்ளளவு, உச்சம் 10 நிலைகள். அதற்கு மேல் திணித்தால் நெரிசலுக்குத் தண்டனையாக விமானங்களின் திறன் குறையும். இரண்டாம் நிலைத் தளத்தில் ஆயிரத்தையும் அடைத்துவைக்கும் ஆட்டக்காரர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

இன்னொன்று: தரை ஆதரவுப் பணி, கீழே சண்டை நடக்கும்போது மட்டுமே வேலை செய்யும். படை நின்றிருந்தால் விமானங்களும் சும்மாதான். ஒரு சண்டையில் எத்தனை விமானங்கள் சேரலாம் என்பதற்கும் அந்தச் சண்டையின் அகலத்தை, அதாவது அதில் மோதும் படையின் அளவைப் பொறுத்து வரம்பு உண்டு. சிறு மோதலில் ஆயிரத்தில் பெரும்பகுதி வெளியே காத்திருக்கும். அதனால் தரைத்தாக்குதல் விமானம் செய்யும் தொழிற்சாலைகளில் பாதியை ஃபைட்டர் உற்பத்திக்கு மாற்றினாலும் தரையில் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள்.

வானத்தை வெல்ல வழியே இல்லாத மண்டலங்களில் டிவிஷன்களுக்கு விமான எதிர்ப்புப் பீரங்கித் துணைக் கம்பெனியை (டிவிஷனோடு இணைக்கும் சிறு துணைப் பிரிவு) சேருங்கள். வான் ஆதிக்கம் இல்லாததன் பாதிப்பை அது வெகுவாகக் குறைக்கும், எதிரி விமானங்களையும் சுட்டுவீழ்த்தும். விலையும் மலிவு.

இவ்வளவும் செய்த பிறகு வரைபடத்தில் சண்டை நடக்கும் இடத்தில் தெரியும் குமிழியைச் சொடுக்கிப் பாருங்கள். விமான ஆதரவுக் குறியீடு உங்கள் பக்கம் தெரியவில்லை என்றால் விமானங்கள் இன்னும் அந்தச் சண்டைக்கு வரவில்லை. எரிபொருள் இருப்பை அப்போது சரிபாருங்கள். அது வற்றினால் தளத்தில் எத்தனை விமானங்கள் நின்றும் பயனில்லை.