ஆரஞ்சு விளக்கு சிமிட்டும் டிஸ்க்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் நான்கு டிஸ்க் உள்ள ரேக் சர்வர் ஓடுகிறது. ரெய்டு 5 என்று போட்டுத் தந்தார்கள். நேற்றிலிருந்து ஒரு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு சிமிட்டுகிறது. ஆனால் பில்லிங், லேப் ரிப்போர்ட் எல்லாம் வழக்கம்போல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்வரை அணைத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். சர்வரை அணைக்கவும் வேண்டாம்.

வழக்கம்போல் ஓடுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை. ரெய்டு 5-ல் தகவலோடு ‘பாரிட்டி’ என்ற கணக்கும் சேர்த்து எழுதப்படுகிறது. மூன்று டிஸ்க்கில் 1, 0, 1 என்று இருந்தால், மொத்தம் இரட்டைப்படையாக வரும்படி நான்காவதில் 0 எழுதப்படும். இரண்டாவது டிஸ்க் போய்விட்டது என்று வையுங்கள். மிச்சமிருக்கும் 1, 1, 0 மூன்றையும் கூட்டினால் இரட்டைப்படை. அப்படியானால் போனது 0 என்று, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் கண்டுகொள்கிறது. உங்கள் சர்வர் நேற்றிலிருந்து இப்படிக் கணக்குப் போட்டுப் போட்டுத்தான் பில் அடிக்கிறது. இன்னொரு டிஸ்க்கும் போனால் கணக்கில் இரண்டு இடம் காலி. விடை கிடைக்காது, மொத்தத் தகவலும் போய்விடும்.

அதனால் ஸ்குரூ டிரைவரைத் தேடுவதற்கு முன்னால் பேக்கப் எடுங்கள். அது இந்த சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒன்றிரண்டு ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் அது பேக்கப்.

அணைக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய டிஸ்க்குகளை நிறுத்தினால், திரும்பச் சுற்றத் தொடங்கும்போது இன்னொன்று மக்கர் செய்யலாம். முன்பக்கத்தில் கைப்பிடியுள்ள டிரேயில் டிஸ்க் இருந்தால், பெரும்பாலும் அது ஓடும்போதே கழற்றி மாட்டும் வகை. கேபிள் போட்டு உள்ளே ஸ்குரூ முடுக்கிய டிஸ்க் என்றால் மட்டும், முறைப்படி ஷட்டவுன் செய்துவிட்டு மாற்றுங்கள்.

அடுத்தது, எந்த டிஸ்க் என்று உறுதி செய்வது. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். போன டிஸ்க்கை விட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் நல்ல டிஸ்க்கை உருவிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு. டெல் சர்வர்களில் எண் 0-லிருந்து தொடங்கும், ஹெச்பியில் 1-லிருந்து. திரையில் ‘டிஸ்க் 2’ என்று வந்தால் டெல்லில் அது மூன்றாவது டிஸ்க், ஹெச்பியில் இரண்டாவது. லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரும் பெயர்களை நம்பவே வேண்டாம், ரீபூட் ஆனால் மாறலாம். நம்ப வேண்டியது சீரியல் எண். டெல்லின் ஐடிராக், ஹெச்பியின் ஐலோ போன்ற நிர்வாகத் திரையில் நான்கு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் பே (டிஸ்க் செருகும் இடம்) எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே திரையில் ‘லொக்கேட்’ கொடுங்கள். டெல்லில் அந்த டிஸ்க்கின் விளக்கு நொடிக்கு இரண்டு முறை பச்சையாகச் சிமிட்டும், ஹெச்பியின் புதிய டிரேக்களில் நீல விளக்கு எரியும்.

விளக்கின் பாஷையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டெல்லில் நொடிக்கு நான்கு முறை ஆரஞ்சு சிமிட்டினால் டிஸ்க் போய்விட்டது. பச்சை, ஆரஞ்சு, பிறகு அணைவது என்று மாறி மாறி வந்தால் இன்னும் போகவில்லை, போகப்போகிறது என்று எச்சரிக்கிறது. ஹெச்பியில் போன டிஸ்க்குக்கு ஆரஞ்சு சிமிட்டாமல் நிலையாக எரியும். அந்த டிரேயில் ‘கழற்றாதே’ என்ற வெள்ளை விளக்கு எரிந்தால் அதைத் தொடவே கூடாது; உருவினால் மொத்த அரேயும் (ரெய்டில் சேர்ந்த டிஸ்க்குகளின் தொகுப்பு) விழுந்துவிடும்.

இனி கழற்றலாம். டிஸ்க் இன்னும் பாதி உயிரோடு இருந்தால் முதலில் திரையில் அதை ‘ஆஃப்லைன்’ செய்யுங்கள். கையில் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொண்டு, டிரேயின் பட்டனை அழுத்தி, கைப்பிடி திறந்ததும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் வெளியே இழுத்து நிறுத்துங்கள். உள்ளே தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். 30 நொடி பொறுத்து, அடியில் ஒரு கை கொடுத்து முழுதாக எடுங்கள். லேபிளில் உள்ள சீரியல் எண்ணைத் தாளோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் பதற்றத்தில் எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள், ‘ரீபில்ட்’ (போன தகவலைக் கணக்குப் போட்டுத் திரும்ப எழுதுவது) கொடுக்கவே கொடுக்காதீர்கள். சர்வரை நிறுத்திவிட்டு, கன்ட்ரோலர் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

எண் சரியாக இருந்தால் பழைய டிஸ்க்கை டிரேயிலிருந்து கழற்றி, புதியதை அதே திசையில் வைத்து முடுக்குங்கள். பெரும்பாலும் நான்கு ஸ்குரூ. சில டிரேக்களில் நட்சத்திரத் தலை ஸ்குரூ இருக்கும், அதற்குரிய பிட் வாங்கி வைத்திருங்கள். டிரேயைத் தடை தட்டும்வரை உள்ளே தள்ளிய பிறகே கைப்பிடியை மூட வேண்டும். கடைசிச் சில மில்லிமீட்டரை அந்தக் கைப்பிடிதான் நெம்பித் தள்ளிக் கனெக்டரில் உட்கார வைக்கிறது. கைப்பிடி பாதியிலேயே மூடிக்கொண்டால் டிஸ்க் உட்காரவில்லை என்று பொருள். அடித்து ஏற்றாமல் வெளியே எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

சற்று நேரத்தில் பச்சை விளக்கு மெதுவாகச் சிமிட்டினால் ரீபில்ட் தொடங்கிவிட்டது. 1.2 டிபி டிஸ்க்கில் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினாலே 3 மணி 20 நிமிடம் ஆகும். பகலில் பில்லிங்கும் சேர்ந்து ஓடினால் இரண்டு மூன்று மடங்கு ஆவது சாதாரணம். மற்ற மூன்று டிஸ்க்குகளும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்படும் நேரம் இது. மாதாந்திர ரிப்போர்ட், பெரிய ஃபைல் காப்பி எல்லாவற்றையும் மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: கல்லூரி சர்வரில் 600 ஜிபி, 10கே (நிமிடத்துக்கு 10,000 சுற்று) சாஸ் டிஸ்க் போய்விட்டது. அதே மாடல் கிடைக்கவில்லை. கடையில் 1 டிபி சாட்டா டிஸ்க் போட்டால் போதும், விலையும் குறைவு என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த அரேக்குள் போட முடியாது. சாஸ், சாட்டா இரண்டும் டிஸ்க்கை இணைக்கும் வெவ்வேறு முறைகள். சாஸ் கன்ட்ரோலரில் சாட்டா டிஸ்க்கைச் செருகலாம், அது தெரியவும் செய்யும். ஆனால் ஒரே அரேயில் இரண்டையும் கலக்கப் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் விடாது. டிஸ்க்கின் பின்பக்கத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சாட்டாவில் டேட்டா பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும், சாஸில் அந்த இடைவெளி அடைபட்டிருக்கும்.

அதே மாடல்தான் வேண்டும் என்பதில்லை. 2.5 அங்குல சாஸ், 600 ஜிபி அல்லது அதற்கு மேல் என்றால் போதும். 900 ஜிபியோ 1.2 டிபியோ போட்டால் 600-க்கு மேலுள்ள இடம் பயன்படாது, அவ்வளவுதான். செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு கட்டம்) அளவை மட்டும் கேட்டு வாங்குங்கள். பழைய அரே 512 பைட் என்றால் 4கே நேட்டிவ் (4096 பைட் செக்டார்) டிஸ்க் சேராது. கன்ட்ரோலர் இல்லாமல் லினக்ஸே நடத்தும் சாஃப்ட்வேர் ரெய்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பெட்டியில் ஒரே அளவு எழுதியிருந்தாலும், வேறு கம்பெனி டிஸ்க் சில எம்பி குறைவாக இருந்தால் ‘சிறியது’ என்று சேர்க்க மறுத்துவிடும்.

சாட்டா அரே வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. டெஸ்க்டாப் டிஸ்க்கை சர்வரில் போடாதீர்கள். படிக்க முடியாத செக்டார் வந்தால் ரெய்டுக்கான டிஸ்க் சுமார் 7 நொடி முயன்றுவிட்டுக் கைவிடும், விட்டதை கன்ட்ரோலர் பாரிட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு நிமிடத்துக்கும் மேல் போராடலாம். பதில் வராததைப் பார்த்து, நல்ல டிஸ்க்கையே செத்ததாகக் கணக்கில் எடுத்து கன்ட்ரோலர் வெளியேற்றிவிடும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கும் வேண்டாம். ரீபில்ட் நேரத்தில் தொடர்ந்து எழுதும்போது திணறிப்போகும்.

கேள்வி: புதிய டிஸ்க்கைச் செருகிவிட்டோம். பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ரீபில்ட் தொடங்கவில்லை.
– வாசகர், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி

பதில்: திரையில் அந்த டிஸ்க் ‘ஃபாரின்’ என்று காட்டினால், அது வேறொரு சர்வரில் ஓடிய டிஸ்க், பழைய ரெய்டு அடையாளம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புதிய டிஸ்க் ஒன்று மட்டும்தான் ஃபாரின் பட்டியலில் இருக்கிறது என்று சீரியல் எண்ணை வைத்துச் சரிபார்த்த பிறகு ‘கிளியர்’ கொடுங்கள், ‘இம்போர்ட்’ அல்ல. அப்புறம் அதை ஹாட் ஸ்பேராக (தயார்நிலையில் இருக்கும் மாற்று டிஸ்க்) ஒதுக்கினால் ரீபில்ட் தானாகத் தொடங்கும். ‘ரெடி’ என்று காட்டியும் சும்மா இருந்தாலும் இதே வழிதான். அளவு, வகை, செக்டார் மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டால் ஸ்பேராகவே ஏற்காது.

புது டிஸ்க் என்றே விற்கப்பட்டது ஃபாரின் என்று வந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அது ஏற்கெனவே ஓடிய டிஸ்க். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் பார்த்துவிடலாம்.

திரையில் ‘இனிஷியலைஸ்’, ‘கிரியேட் வர்ச்சுவல் டிஸ்க்’ என்ற பட்டன்கள் பக்கத்திலேயே இருக்கும். அங்கே கை போகக் கூடாது. அவை ரீபில்ட் அல்ல, அழித்துப் புதிதாகத் தொடங்குவது.

கேள்வி: எங்கள் மீன் ஏற்றுமதி அலுவலகம் துறைமுகத்துக்குப் பக்கத்தில். இரண்டு வருடத்தில் இரண்டு டிஸ்க் மாற்றிவிட்டோம். உப்புக்காற்றுதான் காரணமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உப்புக்காற்று முதலில் அரிப்பது கனெக்டரையும் போர்டையும். டிஸ்க்கைக் கழற்றும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தகரம் துருப்பிடித்திருந்தால், செம்புப் பகுதி கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் காற்றைச் சந்தேகிக்கலாம். ஜன்னலை அடைத்து, ஏசியை இரவிலும் ஓடவிட வேண்டும். பகலில் குளிர்ந்து இரவில் புழுங்கும் அறையில்தான் ஈரம் படியும். அறை 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். காலியாக இருக்கும் பேக்களில் பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி இல்லாவிட்டால் காற்று ஓட்டை வழியாகப் போய்விடும், டிஸ்க்குகளுக்கு நடுவே போகாது.

ஆனால் நம் ஊரில் முதலில் நான் பார்ப்பது கரண்ட். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏற்பதற்குள் சர்வர் தடாலென்று அணைந்து எழுந்தால் அது டிஸ்க்குக்கு நேரடி அடி. யூபிஎஸ் பேட்டரி லோடில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

புயல் வருகிறது என்றால் தனியாக ஒரு வேலை இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கரையேறியதும் இந்தக் கரைதான், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரையேறியதும் இந்தக் கரைதான். ரெய்டு கன்ட்ரோலரின் கேச்சில் (தற்காலிக நினைவகம்), இன்னும் டிஸ்க்கில் எழுதப்படாத தகவல் கொஞ்சம் எப்போதும் இருக்கும். பழைய கன்ட்ரோலர்களில் அதைக் காப்பது ஒரு சின்ன பேட்டரி. அது ஒன்றிரண்டு நாள் தாங்கலாம், பல நாள் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்ததுமே பேக்கப் எடுத்து, முறைப்படி ஷட்டவுன் செய்துவிட்டால் கேச் காலியாகிவிடும்; எத்தனை நாள் இருட்டாக இருந்தாலும் கவலையில்லை.

கேள்வி: கழற்றிய டிஸ்க்கைக் கொடுத்தால் புதியதில் விலை குறைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். எங்களுடையது ஆடிட்டர் அலுவலகம். கொடுக்கலாமா?
– வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: கொடுக்காதீர்கள். கன்ட்ரோலர் கைவிட்ட டிஸ்க் பல நேரம் வேறு கம்ப்யூட்டரில் படிக்கவரும். ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க்கை வைத்து என்ன செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். தகவல் 64 கேபி, 256 கேபி துண்டுகளாகத்தான் பிரிகிறது. உங்கள் கட்சிக்காரரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள சின்ன ஃபைல் ஒரே துண்டுக்குள் முழுதாக அடங்கிவிடும்.

ரீபில்ட் முடிந்து, அதன்பின் ஒரு பேக்கப்பும் எடுத்துச் சரிபார்க்கும்வரை பழைய டிஸ்க்கைப் பூட்டி வையுங்கள். பிறகு டிரில்லிங் மெஷினால் தட்டுகள் வழியாக மூன்று நான்கு ஓட்டை போடுங்கள். 2.5 அங்குல டிஸ்க்கில் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொட வேண்டாம். மிச்சத்தைப் பழைய இரும்புக் கடையில் போடாமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்கி ஃபைலில் வையுங்கள்.