பார்வை நன்றாகத் தெரியும்போது விழித்திரைச் சோதனை எதற்கு? விழித்திரையில் என்னென்ன நோய்கள் வரும்?

கேள்வி கேட்டவருக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. கண்ணில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை என்கிறார். அப்படி இருந்தாலும் கட்டாயம் சோதித்துக்கொள்ளுங்கள். விழித்திரை என்பது கண்ணின் உள்ளே பின்புறம் ஒளியை உணரும் மெல்லிய படலம், அதற்கு வலி தெரியாது. அங்கே இரத்தம் கசிந்தாலும் கிழிசல் விழுந்தாலும் வலிக்காது. போதாக்குறைக்கு, ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் மூடி மறைத்துவிடும்.

சர்க்கரை நெடுநாள் கட்டுக்குள் இல்லாமல் போனால் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் பலமிழந்து கசியத் தொடங்கும். கசிவு நடுப்பகுதியான மாக்குலாவில் தேங்கினால் எழுத்துகள் மங்கும். தேங்காதவரை, எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் நீங்கள் படித்துவிடுவீர்கள். ஆபத்தே இங்கேதான். சில குழாய்கள் அடைத்துப்போய் ஆக்ஸிஜன் போதாமல் போகும்போது விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். அந்த நிலைக்கு முன்பே பிடித்துவிட்டால் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி என்று நல்ல வழிகள் இருக்கின்றன. டைப் 2 என்றால் சர்க்கரை தெரிந்த உடனே ஒருமுறை சோதிக்க வேண்டும், அப்புறம் பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை. டைப் 1 என்றால் சர்க்கரை வந்த 5 வருடத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். சர்க்கரை உள்ள பெண்கள் கருவுற்றால் முதல் மூன்று மாதத்திலேயே பார்ப்பது நல்லது.

எனக்கு வந்தது வேறு: விழித்திரை விலகல், அதாவது விழித்திரை தன் இடத்திலிருந்து பிரிந்து வருவது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவன் நான், அதனால் எனக்கு வாய்ப்பும் கூடுதல். இருட்டில் கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் மின்னல் வெட்டியது. பிறகு மிளகுத்தூளைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். அதன்பின் கீழிருந்து ஒரு நிழல் மெல்ல மேலேறியது. விலகியது மேல்பகுதி என்றார் மருத்துவர். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் மேலே விலகினால் நிழல் கீழே தெரியுமாம். மாக்குலா விலகுவதற்குள் அறுவை சிகிச்சை செய்துவிட்டதால் பார்வை பெருமளவு தப்பியது. உள்ளே வாயுக் குமிழி வைத்து, குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் பார்வைக்குள் ஒரு நீர்மட்டக் கோடு ஆடிக்கொண்டே இருந்தது. வாயு குறையக் குறையக் கோடு கீழிறங்கும், அதற்கு மேலே உலகம் தெளியும். வாயு முழுதும் கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது. உயரத்தில் அது விரிந்து கண் அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

கண்ணுக்குள் ஓரிரு பூச்சி பறப்பது போலத் தெரிவது வயதாகும்போது பலருக்கும் உள்ளதுதான், பயப்பட வேண்டாம். திடீரென்று நிறையப் பறந்தாலோ, மின்னல் அடித்தாலோ, திரை விழுந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். கிழிசலோடு நின்றால் பெரும்பாலும் லேசரிலேயே அடைத்துவிடலாம்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மாக்குலா தேய்வு வரலாம். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு கதவு நிலையைப் பாருங்கள், பிறகு மறு கண்ணுக்கும் அதையே செய்யுங்கள். நேர்க்கோடு நெளிந்தால் தள்ளிப்போடாதீர்கள். இரத்தக் கசிவுள்ள வகைக்கு ஊசி நன்றாகவே கேட்கும், ஆனால் தொடர்ந்து போட வேண்டியிருக்கும். புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்களுக்கு விழித்திரைச் சிரை அடைபடலாம். தமனி அடைத்து ஒரு கண் சட்டென்று இருண்டால் அது பக்கவாதத்துக்கு நிகரான அவசரம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கும் விழித்திரைச் சோதனை உண்டு, மருத்துவர் சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள். மாலைக்கண்ணில் தொடங்கி ஓரப்பார்வையைத் தின்னும் பரம்பரை நோய் ஒன்றும் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்ணாடி பவர் பார்ப்பதோடு திரும்பிவிடாமல், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் படிக்க வராது. வண்டியை நீங்கள் ஓட்டாமல் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.