தெளிகனவு என்றால் என்ன? புதிதாகப் பழகுபவர் எங்கே தொடங்குவது?

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்வதுதான் தெளிகனவு. மூடிய கண்கள் வேகமாக அசையும், கனவு மிகுந்த ரெம் (REM) உறக்கத்தில், எதையும் சந்தேகித்துப் பார்க்கும் முன்மூளைப் பகுதி அடங்கிக் கிடக்கும். அதனால்தான் இறந்துபோன தாத்தா வந்து காபி கேட்டாலும் நமக்கு வியப்பில்லை. அந்தப் பகுதி கொஞ்சம் விழித்தால் போதும். படத்தில் மூழ்கி அழுபவருக்குத் திடீரென்று தியேட்டர் நாற்காலி நினைவுக்கு வருவதைப் போல. படம் அதுபாட்டுக்கு ஓடும்.

முதல் இரண்டு வாரம் கனவுக் குறிப்பு மட்டும். கண் விழித்ததும் புரளாமல் படுத்து, நினைவுக்குக் கொண்டுவந்த பிறகு எழுதுங்கள். இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். பகலில் பத்து முறை 'இது கனவா?' என்று கேட்டு, மூக்கைப் பொத்தி மூச்சிழுங்கள். கனவில் பெரும்பாலும் பொத்திய மூக்கிலும் காற்று வரும். உண்மையிலேயே சந்தேகத்தோடு செய்தால் அது கனவுக்குள்ளும் தொடரலாம்.

அடுத்து, தூங்கி 5 மணி நேரத்தில் அலாரம் வைத்து எழுந்து, 20 நிமிடம் விழித்திருந்து, 'அடுத்த கனவைக் கனவென்று அறிவேன்' என்று நினைத்தபடியே படுங்கள். விடியற்காலையில் ரெம் உறக்கம் நீளும். வாரத்தில் இரண்டு நாள் போதும். மிஞ்சினால் தூக்கம் கெடும். கனவென்று தெரிந்த பரவசத்திலேயே பலருக்கு விழிப்பு வந்துவிடும். கனவுக்குள் உள்ளங்கைகளைத் தேய்ப்பது கனவு நிலைக்க உதவலாம்.

கனவுக்குள் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வேண்டாம்: ரெம் கட்டம் முடிந்ததும் கனவு தானே கலைந்துவிடும்.