விடியற்காலையில் வாய் பிளக்கும் கட்லா

கேள்வி: குடியாத்தம் பக்கம் 15 சென்டில் பண்ணைக்குட்டை வெட்டி கட்லா, ரோகு வளர்க்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. போன வாரம் மூடாப்பு போட்ட மறுநாள் பெரிய கட்லாவாக ஏழு செத்து மிதந்தன. போர் தண்ணீர் விட்டும் பலனில்லை. என்ன நோய்?

பதில்: நோய் இல்லை, மூச்சுத் திணறல். மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்.

வெயிலில் கிடந்த கோலி சோடாவை உடைத்தால் பொங்கி வழிகிறது, ஐஸில் கிடந்தது அடக்கமாகத் திறக்கிறது அல்லவா? சூடான தண்ணீர் வாயுவைப் பிடித்து வைக்காது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். 35 டிகிரியில் ஏழுக்கும் கீழே. அதே சூட்டில் மீனுக்கோ மூச்சுத் தேவை கூடுகிறது. பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். அதனால்தான் விடியும் நேரத்தில் கையிருப்பு அடிமட்டம். பெரிய மீன்தான் முதலில் சாகும்.

மூடாப்பில் காற்றழுத்தம் குறைவதால் மீன் தவிக்கிறது என்பார்கள். அழுத்தம் குறைந்தால் கரைவதும் குறையும், உண்மைதான். ஏலகிரி மேலே சம சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் மூடாப்பில் குறையும் அழுத்தம் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. வெயில் இல்லாமல் பாசி வேலை செய்யாததுதான் காரணம்.

அப்புறம் உங்கள் போர் தண்ணீர். கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். சில போரில் பால் மாதிரி வெளுத்து வந்து, அடியிலிருந்து மேலாகத் தெளியும். ஆழத்து அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, மேலே வந்ததும் குமிழியாகப் பிரிகிறது. அதில் ஆக்சிஜன் சொற்பம். குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட்டால் என்ன பிரயோசனம்? குழாய் வாயில் ஓட்டை போட்ட தகரத்தைக் கட்டி, ஆளுயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். ராத்திரி 2 மணியிலிருந்து வெயில் வரும்வரை ஓடட்டும். கரண்ட் நேரம் ஒத்துவராவிட்டால் குட்டைத் தண்ணீரையே டீசல் இன்ஜினால் இறைத்து வீசலாம்.

ஒரு வாரம் சாணி போடாதீர்கள். மூடாப்பு நாளில் தீவனத்தையும் நிறுத்துங்கள். முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது, கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

அடுத்த முறை குஞ்சு விடும்போது போர் தண்ணீரை நேராக விடாதீர்கள். அதிலுள்ள வாயு குஞ்சின் உடம்புக்குள்ளேயே குமிழி கட்டிக் கொன்றுவிடும். தொட்டியில் சிதறி விழவிட்டு, ஒருநாள் கழித்து விடுங்கள்.